சினைப்பை நீர்க்கட்டி: ரிப்போர்ட்டில் இருக்கும் வரியும் உடம்பில் இருக்கும் வலியும்

வயிற்று வலிக்கோ சிறுநீர்க் கடுப்புக்கோ ஸ்கேன் எடுக்கப் போன பெண்ணின் ரிப்போர்ட்டில் ‘வலது சினைப்பையில் 3.4 செ.மீ. நீர்க்கட்டி’ என்று ஒரு வரி இருக்கும். அதைப் படித்த நிமிடத்திலிருந்து வீட்டில் பேச்சே மாறிவிடும். குழந்தை பிறக்குமா, புற்றுநோயாகிவிடுமா, கர்ப்பப்பையை எடுக்கச் சொல்வார்களா என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் வரும். கல்யாணமாகாத பெண் என்றால் ‘வெளியே யாரிடமும் சொல்லாதே’ என்ற எச்சரிக்கையும் சேர்ந்துகொள்ளும். அதே வீட்டில் மாதம் தவறாமல் மூன்று நாள் சுருண்டு படுத்துக் கிடக்கிற இன்னொரு பெண்ணைப் பற்றி யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார்கள்.

சினைப்பைக் கட்டிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் சொல்லத் தோன்றுவது இதுதான். ஸ்கேனில் தெரிகிற கட்டிக்குத் தேவைக்கு மேல் பயப்படுகிறோம். பெண் வாய்விட்டுச் சொல்கிற வலிக்குத் தேவையான அளவு காது கொடுப்பதில்லை. இரண்டிலும் நஷ்டம் அவளுக்குத்தான். எந்தக் கட்டி தானாகப் போகும், எது போகாது, எதற்கு இரவென்றும் பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்று தெரிந்துவிட்டால் இந்த இரண்டு தவறும் பெருமளவு குறையும்.

மாதந்தோறும் வந்து போகிற நீர்ப்பை

கர்ப்பப்பையின் இரு பக்கமும் ஒவ்வொரு சினைப்பை. ஒவ்வொன்றும் சுமார் 3 செ.மீ. நீளம். ஒரு பெண் குழந்தை பிறக்கும்போதே அதற்குள் 10 முதல் 20 லட்சம் முட்டைகள் இருக்கும். வயதுக்கு வரும்போது அது 3, 4 லட்சமாகக் குறைந்திருக்கும். அதிலும் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வெளியே வருவது ஏறத்தாழ 400 முட்டைகள்தான்.

ஒவ்வொரு முட்டையும் ஒரு சிறிய பைக்குள் இருக்கும். ஒவ்வொரு மாதமும் இப்படிப் பல பைகள் நீர் கோத்து வளரத் தொடங்கும். அவற்றில் ஒன்று மட்டும் முந்திக்கொண்டு 2 செ.மீ. அல்லது அதற்குச் சற்று மேல் வளர்ந்து, உடைந்து, முட்டையை வெளியே விடும். உடைந்த பை வீணாவதில்லை. அது மஞ்சள் நிறத் திரளாக மாறி புரொஜெஸ்டிரோன் ஹார்மோனைச் சுரந்து, கரு தங்கினால் அதைத் தாங்குவதற்குக் கர்ப்பப்பையைத் தயார் செய்யும். கரு தங்காவிட்டால் இரண்டு வாரத்தில் சுருங்கிவிடும், மாதவிடாய் வரும்.

ஆக, மாதவிடாய் வருகிற வயதில் எந்த நாளில் ஸ்கேன் வைத்துப் பார்த்தாலும் சினைப்பையில் ஏதோ ஒரு நீர்ப்பை தெரியத்தான் செய்யும். அந்த வயதில் 3 செ.மீ. வரை உள்ள தெளிந்த நீர்ப்பையைக் கட்டிக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்பதுதான் இன்றைய ஸ்கேன் வழிகாட்டுதல். அது சினைப்பை தன் வேலையைச் செய்கிறது என்பதற்கான அடையாளம். இருந்தும் 2.5 செ.மீ. பையைக் ‘கட்டி’ என்று எழுதி அனுப்புகிற ரிப்போர்ட்டுகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

சில மாதங்களில் இந்த ஏற்பாடு சற்றுப் பிசகும். உடைய வேண்டிய பை உடையாமல் மேலும் நீர் கோத்து 4, 5, சில சமயம் 7, 8 செ.மீ. வரைகூடப் போகும். அல்லது முட்டை வெளியேறிய பிறகு பையின் வாய் மூடிக்கொண்டு உள்ளே ரத்தம் கசியும். இதைத்தான் ‘ஹெமரேஜிக் சிஸ்ட்’ என்று ரிப்போர்ட்டில் எழுதுகிறார்கள். பெயரைக் கேட்டால் நடுங்கும். ஆனால் பெரும்பாலும் அந்த ரத்தம் தானாகக் கரைந்து, கட்டியும் இரண்டு மூன்று மாதவிடாய்க்குள் மறைந்துவிடும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். இந்த வகைக் கட்டி மாதவிடாயைத் தள்ளிப்போடும், ஒரு பக்கமாக வலிக்கவும் செய்யும். கருக்குழாயில் கரு தங்கினாலும் அதே அறிகுறிகள்தான், அது உயிருக்கே ஆபத்து. அதனால் ‘வாய்ப்பே இல்லை’ என்று சொன்னாலும் மருத்துவர்கள் கர்ப்பப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தக் கட்டிகளுக்கு மருந்து என்ன? பல ஆண்டுகளாகக் கருத்தடை மாத்திரை கொடுத்துக் கரைப்பது வழக்கமாக இருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 4 நாடுகளில் 686 பெண்களிடம் நடந்த 8 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் கட்டி மறைகிற வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. மாத்திரை முட்டை வெளியேறுவதையே நிறுத்துவதால் புதுக் கட்டி வருவதைத் தடுக்கலாம். ஏற்கெனவே இருப்பதைக் கரைக்காது. சில மாதங்கள் கழித்தும் போகாமல் நின்ற கட்டிகள் பெரும்பாலும் வேறு வகையைச் சேர்ந்தவையாக இருந்தன என்பது அந்த ஆய்வு சொல்லும் இன்னொரு முக்கியமான செய்தி.

நம் ஊரில் கழற்சிக்காய்ப் பொடியும் மலைவேம்புச் சாறும் நீர்க்கட்டியைக் கரைக்கும் என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. ஒரு மண்டலம் சாப்பிட்டேன், அடுத்த ஸ்கேனில் கட்டியே இல்லை என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குக் கட்டி போனது உண்மை. ஒன்றும் சாப்பிடாமல் இருந்திருந்தாலும் அந்த நாட்களில் போகக்கூடிய கட்டிதான் அது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், தானாகப் போகாத வகைக் கட்டியை வைத்துக்கொண்டு பொடியை நம்பி ஓர் ஆண்டைக் கழிக்கும்போதுதான்.

அதனால் ‘காத்திருந்து பார்ப்போம்’ என்று மருத்துவர் சொன்னால் அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைக்கக் கூடாது. அதுவும் ஒரு மருத்துவ முடிவு. பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி தந்த வழிகாட்டுதலின்படி, மாதவிடாய் வருகிற வயதில் 5 செ.மீ.க்குக் குறைவான, தெளிந்த நீர் மட்டுமே உள்ள கட்டிக்கு மறு ஸ்கேன்கூடத் தேவையில்லை. 5 முதல் 7 செ.மீ. என்றால் ஆண்டுக்கு ஒரு ஸ்கேன். அதற்கு மேல் போனால் எம்ஆர்ஐ எடுப்பதா, அறுவை செய்வதா என்று யோசிக்கலாம். மறு ஸ்கேன் சொல்லியிருந்தால் 6 முதல் 12 வாரம் விட்டு, மாதவிடாய் முடிந்த கையோடு எடுப்பது நல்லது. மாதத்தின் பிற்பாதியில் எடுத்தால் அந்த மாதத்தின் புது நீர்ப்பையைப் பார்த்துவிட்டுப் பழைய கட்டி இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொள்ள நேரும்.

மார்பகப் புற்றுநோய்க்குத் தாமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடும் இளம் பெண்களுக்கும், காப்பர்-டி போலவே கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஆனால் ஹார்மோன் உள்ள கருத்தடைச் சாதனம் வைத்தவர்களுக்கும் இந்த வகைக் கட்டி சற்று அதிகமாக வரும். ஸ்கேன் எடுப்பவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

பிசிஓடி வேறு கதை

இங்கே பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. 5 செ.மீ. கட்டி ஒன்று உள்ள பெண்ணுக்கும் பிசிஓடி (பாலிசிஸ்டிக் ஓவரி) உள்ள பெண்ணுக்கும் ‘நீர்க்கட்டி’ என்றே சொல்லி அனுப்புகிறோம். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது. பிசிஓடியில் தெரிபவை 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவே உள்ள, வளர்ச்சி பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். அவை உடைவதுமில்லை, பெரிதாகி முறுக்கிக்கொள்வதுமில்லை, வெட்டி எடுக்க வேண்டியவையும் அல்ல.

1935இல் சிகாகோவில் ஸ்டைன், லெவென்தால் என்ற இரு மருத்துவர்கள் ஏழு பெண்களைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் இந்த நோய் மருத்துவ உலகத்தின் கவனத்துக்கு வந்தது. மாதவிடாய் வராமல், முகத்தில் முடி வளர்ந்து, சினைப்பை வீங்கியிருந்த பெண்கள் அவர்கள். சினைப்பையில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததும் அவர்களுக்கு மாதவிடாய் திரும்பியது. அதனால் நோய் சினைப்பையில்தான் இருக்கிறது என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் நிலைத்துவிட்டது. இன்று நமக்குத் தெரிவது வேறு. இன்சுலின் சரியாக வேலை செய்யாமை, ஆண் ஹார்மோன் மிகுதி, மூளையிலிருந்து வரும் ஹார்மோன் தாளம் மாறுவது எல்லாம் சேர்ந்து முட்டை முதிர்வதைத் தடுக்கின்றன. பையின் எண்ணிக்கை அதன் விளைவு.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இது இருக்கிறது. மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதிக்கான அறிகுறி, ஸ்கேன் தோற்றம் என்ற மூன்றில் இரண்டு இருந்தால்தான் பிசிஓடி என்று முடிவு செய்ய வேண்டும். மாதவிடாய் ஒழுங்காக வந்து, முகப்பருவோ முடி வளர்ச்சியோ இல்லாத பெண்ணின் ஸ்கேனில் மட்டும் ‘பிசிஓ’ என்று இருந்தால் அவளுக்கு நோய் இல்லை. வயதுக்கு வந்து 8 ஆண்டு ஆகாத பெண் பிள்ளைகளுக்கு இதற்காக ஸ்கேன் எடுப்பதையே சர்வதேச வழிகாட்டுதல் பரிந்துரைப்பதில்லை, அந்த வயதில் பலருக்கும் நிறைய பைகள் தெரியும் என்பதால். பதினைந்து வயதுப் பெண்ணிடம் ‘உனக்கு நீர்க்கட்டி, குழந்தை பிறப்பது கஷ்டம்’ என்று சொல்லி அனுப்புவது எவ்வளவு பெரிய பாரம் என்று சொல்கிறவர்கள் யோசிப்பதில்லை. அப்படிச் சொல்வது உண்மையும் அல்ல. பிசிஓடி உள்ள பெண்களில் மிகப் பலர் தாமாகவோ லெட்ரோசோல் போன்ற எளிய மாத்திரை உதவியுடனோ கருத்தரிக்கிறார்கள்.

பிசிஓடியில் உண்மையில் கவனிக்க வேண்டியவை சர்க்கரை, எடை, ரத்த அழுத்தம், மனச்சோர்வு. இன்னொன்றும் உண்டு. மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உள்சவ்வு உரியாமல் தடித்துக்கொண்டே போகும். ஆண்டுக்கணக்கில் அப்படி விட்டால் அந்தச் சவ்வில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடும். மாத்திரை கொடுத்து மாதவிடாயை வரவழைப்பதன் காரணம் அதுதான். ‘மாத்திரை போட்டால்தான் வருகிறது, அது இயற்கை இல்லை’ என்று நிறுத்திவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தானாகப் போகாதவை

டெர்மாய்டு கட்டியை அறுத்துப் பார்த்தால் உள்ளே கொழுப்பும் முடியும், சில சமயம் பல்லும் இருக்கும். எந்தத் திசுவாகவும் மாறும் திறமை உள்ள முட்டைச் செல்லிலிருந்து உருவாவதால் அப்படி. செய்வினை, பாவம் என்று இதற்குக் கதை கட்ட இடமே இல்லை. இளம் பெண்களுக்கு அதிகம் வரும், மிக மெதுவாக வளரும், 100க்கு 10 பேருக்காவது இரண்டு பக்கமும் இருக்கும். புற்றுநோயாக மாறுவது நூற்றில் ஒன்று இரண்டு மட்டுமே.

இன்னொரு வகை, சினைப்பையின் மேலுறைச் செல்களிலிருந்து வளர்வது. நீர்த்த திரவம் நிறைந்தவை சீரஸ், கோழை போன்ற திரவம் நிறைந்தவை மியூசினஸ். இந்த மியூசினஸ் வகை நம்ப முடியாத அளவுக்கு வளரக்கூடியது. மருத்துவ வரலாற்றில் சினைப்பைக் கட்டிக்குத் தனி இடம் கிடைத்ததற்கு இப்படி வளர்ந்த கட்டிகள் ஒரு காரணம். 1809 டிசம்பரில் அமெரிக்காவின் கென்டக்கி மாகாணத்தில் ஜேன் டாட் கிராஃபோர்டு என்ற பெண்ணின் வயிறு பெருத்துக்கொண்டே போனது. இரட்டைப் பிள்ளை, நாள் தாண்டிவிட்டது என்று நினைத்தார்கள். எஃப்ரைம் மெக்டவல் என்ற மருத்துவர் வந்து பார்த்து அது சினைப்பைக் கட்டி என்றார். அந்தப் பெண் சுமார் 60 மைல் குதிரையில் போய், டான்வில் ஊரில் அவர் வீட்டிலேயே அறுவைக்குப் படுத்தார். மயக்க மருந்து புழக்கத்துக்கு வர இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. 25 நிமிடத்தில் 10 கிலோவுக்கு மேல் எடையுள்ள கட்டி வெளியே வந்தது. கிராஃபோர்டு அதன் பிறகு 32 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். வயிற்றைத் திறந்தால் சாவுதான் என்று உலகம் நம்பிய காலத்தில் அந்த நம்பிக்கையை உடைத்தது ஒரு பெண்ணின் துணிச்சல். மருத்துவரின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஸ்கேன் கருவி வந்த கதையிலும் சினைப்பைக் கட்டி இருக்கிறது. கிளாஸ்கோ நகரத்தின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்டு 1955இல், அறுவையில் எடுத்த கர்ப்பப்பை நார்த்திசுக் கட்டிகளையும் (ஃபைப்ராய்டு) சினைப்பைக் கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் ஒலியலைக் கருவி அங்கே இருந்தது. நீர் நிறைந்த கட்டியும் திடமான கட்டியும் அந்தக் கருவியில் வெவ்வேறாக எதிரொலித்தன. பிறகு, வயிற்றில் புற்றுநோய் முற்றிவிட்டது, செய்ய ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணை அவர் தன் கருவியால் பார்த்தபோது, அது மிகப் பெரிய சினைப்பை நீர்க்கட்டி என்று தெரிந்தது. அறுவை செய்து எடுத்தார்கள், அவர் பிழைத்தார். 1958இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த டொனால்டின் கட்டுரையிலிருந்துதான் இன்றைய வயிற்று ஸ்கேன் வளர்ந்தது. நீரையும் திசுவையும் பிரித்துக் காட்டுவதுதான் அன்றும் இன்றும் அதன் பெரும் பலம்.

சாக்லேட் கட்டி: வலியைக் கேட்க வேண்டிய இடம்

கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வேறு இடங்களில் வளர்வதுதான் எண்டோமெட்ரியோசிஸ். அது சினைப்பையில் வளர்ந்தால் மாதந்தோறும் அங்கேயும் ரத்தம் கசியும். வெளியேற வழியில்லாமல் தங்கித் தங்கிக் கெட்டியான பழுப்பு நிறத் திரவமாகிவிடும். அதனால்தான் சாக்லேட் கட்டி என்ற பெயர். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் பத்தில் ஒரு பெண்ணுக்கு, உலகெங்கும் சுமார் 19 கோடிப் பேருக்கு எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது.

வேலைக்கோ காலேஜுக்கோ போக விடாத மாதவிடாய் வலி, தாம்பத்திய உறவின்போது உள்ளே ஆழத்தில் வலி, அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலி, குழந்தை தாமதமாவது ஆகியவை இதன் அடையாளங்கள். இந்த வலியைச் சொன்னால் ‘எல்லாப் பெண்களுக்கும் இருப்பதுதான்’, ‘கல்யாணமானால் சரியாகிவிடும்’, ‘ஒரு குழந்தை பிறந்தால் போய்விடும்’ என்று படிப்படியாகத் தள்ளிப்போடுகிறோம். நோய் என்னவென்று தெரிவதற்கே பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. இதில் இன்னொரு கொடுமை, சினைப்பையில் கட்டி இல்லாமல் குடல் பக்கமும் கர்ப்பப்பைக்குப் பின்னாலும் மட்டும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் சாதாரண ஸ்கேனில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். ‘ஸ்கேன் நார்மல்தான், மனசில்தான் பிரச்சினை’ என்று சொல்லிவிடுவார்கள். ரிப்போர்ட்டில் கட்டி இருந்தால் குடும்பமே கலங்குகிறது. ரிப்போர்ட் சுத்தமாக இருந்தால் வலியும் பொய்யாகிவிடுகிறது. தினப்படி வாழ்க்கையை நிறுத்துகிற மாதவிடாய் வலி சாதாரணமானது இல்லை. ஸ்கேன் என்ன சொன்னாலும் அதை விசாரிக்க வேண்டும்.

சாக்லேட் கட்டியை உடனே அறுத்து எடுப்பது எப்போதும் நல்லது என்றும் சொல்ல முடியாது. அது சினைப்பையோடு ஒட்டி வளர்வதால், உரித்தெடுக்கும்போது நல்ல முட்டைகளும் கொஞ்சம் போய்விடும். முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் ரத்தப் பரிசோதனையில் அந்த இழப்பு தெரியும். அதனால் குழந்தை வேண்டுமா, எப்போது வேண்டும், வலி எவ்வளவு, கட்டி எவ்வளவு பெரிது, ஒரு பக்கமா இரு பக்கமா என்றெல்லாம் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். வலிதான் முதன்மை என்றால் டைனோஜெஸ்ட் போன்ற ஹார்மோன் மாத்திரைகள் பலருக்கு நன்றாகக் கேட்கின்றன. அறுவைக்குப் பிறகும் இது திரும்ப வரக்கூடியது, ஆகவே மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள்.

இரவோடு இரவாகப் போக வேண்டிய வலி

சினைப்பை ஒரு தசைநாரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ரத்தக் குழாய்களும் அதன் வழியாகவே வருகின்றன. 5 செ.மீ.க்கு மேல் கட்டி இருந்தால் அந்தக் கனத்தில், ஊஞ்சல் கயிறு முறுக்கிக்கொள்வதுபோல் அது முறுக்கிக்கொள்ளலாம். இடப்பக்கம் பெருங்குடல் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் வலப்பக்கத்தில்தான் இது அதிகம்.

திடீரென்று ஒரு பக்க அடிவயிற்றில் தாங்க முடியாத வலியும் கூடவே வாந்தியும் வந்தால் இதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். சில சமயம் முறுக்கு தானாக அவிழ்ந்து வலி விட்டுப்போய் மறுபடி வரும். அந்த இடைவெளியில் ‘கேஸ் வலிதான்’ என்று சோடா குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். சிறுநீரகக் கல், குடல்வால் என்று ஆஸ்பத்திரியிலும் தடம் மாறிப் போவதுண்டு. முறுக்கினால் முதலில் நசுங்குவது சிரைக்குழாய், தமனி பிறகுதான். அதனால் டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அறிகுறியை வைத்தே லேப்ராஸ்கோபி (சிறு துளை வழியாகக் கேமரா விட்டு) செய்து பார்க்கும் முடிவுக்கு மருத்துவர் வர வேண்டியிருக்கும். நேரம் போகப் போகச் சினைப்பை பிழைக்கும் வாய்ப்பு குறையும்.

முன்பெல்லாம் கறுத்துப்போன சினைப்பையைக் கண்டால் எடுத்துவிடுவார்கள். முறுக்கை அவிழ்த்துவிட்டால் பார்க்கக் கருநீலமாக இருப்பதுகூடப் பெரும்பாலும் மீண்டு வேலை செய்கிறது என்று பின்னர் தெரிந்தது. அதனால் இளம் பெண்களுக்கு அவிழ்த்துவிட்டு அப்படியே வைப்பதுதான் இன்றைய வழக்கம். கையெழுத்து கேட்கும்போது குடும்பத்தார் இதைக் கேட்கலாம், கேட்க வேண்டும்.

கட்டி உடைவது இதைவிடப் பொதுவானது. ஓடியாடி வேலை செய்யும்போதோ உறவின்போதோ சுரீரென்று குத்தும், சில மணி நேரத்தில் அடங்கும். வலி கூடிக்கொண்டே போய்த் தலை சுற்றல், மயக்கம், முகம் வெளிறுவது, தோள்பட்டை வலி வந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். காலை வரை காத்திருக்கக் கூடாது.

புற்றுநோய் பற்றிய பயம்

மாதவிடாய் வருகிற வயதில், தொந்தரவு தரும் சினைப்பைக் கட்டிகளில்கூடப் புற்றுநோயாக இருப்பது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. ஐம்பது வயதில் அது ஆயிரத்தில் மூன்று. மாதவிடாய் நின்ற பிறகு கணக்கு மாறுகிறது, சினைப்பை ஓய்ந்துவிட்ட பிறகு புதுக் கட்டி வருவதற்கு இயற்கையான காரணம் குறைவு என்பதால். ஸ்கேனில் பல அறைகள், திடமான பகுதி, இரு பக்கமும் கட்டி, வயிற்றில் நீர் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். இவற்றுக்கான மதிப்பெண்ணோடு, சினைப்பைப் புற்றுநோயில் உயரக்கூடிய ஒரு புரதத்தை அளக்கும் சிஏ-125 ரத்தப் பரிசோதனை அளவையும், மாதவிடாய் நின்றுவிட்டதா என்பதற்கான எண்ணையும் பெருக்கி ஓர் எண் போடும் முறை உண்டு. ஸ்கேனில் இரண்டு அடையாளங்கள் இருந்தால் 3, சிஏ-125 அளவு 40 என்று வைத்துக்கொள்வோம். மாதவிடாய் வருகிறவருக்கு 120 வரும். மாதவிடாய் நின்றவருக்கு அதற்காக இன்னொரு 3ஆல் பெருக்கி 360 ஆகும். 200ஐத் தாண்டினால் மகளிர் புற்றுநோய் அறுவையில் தேர்ந்தவரிடம் அனுப்ப வேண்டும். ஒரே ஸ்கேன், ஒரே ரத்தம். மாதவிடாய் நின்றதா என்பது மட்டும் முடிவை மாற்றிவிடுகிறது.

சிஏ-125 மட்டும் உயர்ந்திருந்தால் அதை வைத்துப் பயப்படவும் கூடாது. எண்டோமெட்ரியோசிஸ், நார்த்திசுக் கட்டி, கர்ப்பம், ஏன் மாதவிடாய் நாட்களில்கூட அது ஏறும். நம் நாட்டில் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டியது காசநோய். வயிற்றுக் காசநோயில் வயிற்றில் நீர் சேரும், எடை குறையும், சிஏ-125 நூற்றுக்கணக்கில் ஏறும். முற்றிய சினைப்பைப் புற்றுநோய் போலவே இருக்கும். ஆனால் காசநோய் மாத்திரையில் குணமாகிற நோய்.

அப்படியானால் அறிகுறி இல்லாத பெண்கள் எல்லாரும் ஆண்டுதோறும் ஸ்கேனும் சிஏ-125ம் எடுத்துக்கொண்டால் நல்லதுதானே? பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் அதிகமான பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வின் முடிவு 2021இல் வந்தது. இப்படிச் சோதிப்பதால் இந்தப் புற்றுநோயால் ஏற்படும் மரணம் குறையவில்லை. அமெரிக்காவில் 2011இல் வெளிவந்த இதேபோன்ற ஆய்வில் 3,285 பெண்களுக்குத் தவறாகச் சந்தேகம் எழுந்தது, அவர்களில் 1,080 பேர் அறுவைக்குப் போனார்கள், 163 பேருக்குக் கடுமையான பின்விளைவு வந்தது. புற்றுநோயே இல்லாத பெண்கள் இவர்கள். ஹெல்த் செக்கப் பேக்கேஜில் சிஏ-125 சேர்த்திருந்தால் அது கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அம்மா, சகோதரிக்கு மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால் அது வேறு. அப்படிப்பட்ட பெண்கள் பிஆர்சிஏ மரபணுச் சோதனை (இந்தப் புற்றுநோய்களின் வாய்ப்பைக் கூட்டும் மரபணு மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பது) பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும்.

சாதுவாகத் தெரியும் கட்டிகளை எடுக்காமல் கண்காணித்தால் என்ன ஆகிறது என்று பல நாடுகளில் 1,919 பெண்களைத் தொடர்ந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. இரண்டு ஆண்டுக்குள் ஐந்தில் ஒரு கட்டி தானாக மறைந்தது. முறுக்கிக்கொண்டது 0.4 சதவீதம், உடைந்தது 0.2 சதவீதம், புற்றுநோய் என்று பின்னர் தெரிந்தது 0.4 சதவீதம். ஆபத்து அறவே இல்லை என்று இந்த எண்கள் சொல்லவில்லை, ஆனால் அவசரப்பட வேண்டியதில்லை என்று தெளிவாகச் சொல்கின்றன.

ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு நாள் தவறாமல் வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் என்று சில வாரங்களாகத் தொடர்ந்தால், அதை அஜீரணம் என்று மருந்துக்கடையில் ஜெலுசில் வாங்கிக் கடத்தாமல் ஒரு ஸ்கேன் பார்த்துவிட வேண்டும். சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் சத்தமில்லாமல் ஆரம்பிக்கிறது.

அறுவை என்றால் எதை எடுக்கிறார்கள்?

கட்டியை மட்டும் உரித்தெடுப்பது ஒன்று. கட்டியோடு அந்தப் பக்கச் சினைப்பையை எடுப்பது இன்னொன்று. இரண்டு சினைப்பையையும் கர்ப்பப்பையையும் எடுப்பது முற்றிலும் வேறு. பேச்சில் மூன்றும் ‘கட்டி ஆபரேஷன்’ என்று ஒன்றாகிவிடுகின்றன. ஒரு சினைப்பை இருந்தாலே மாதவிடாய் வரும், குழந்தையும் பிறக்கும். இரண்டையும் இளம் வயதில் எடுத்தால் அடுத்த நாளே மாதவிடாய் நின்ற நிலைதான். உடல் சூடு பறப்பது, தூக்கமின்மை ஒரு பக்கம், எலும்புத் தேய்வும் இதய நோயும் சீக்கிரமே வரும் ஆபத்து இன்னொரு பக்கம்.

சாதாரணக் கட்டிக்கும் வெள்ளைப்படுதலுக்கும் ‘விட்டால் புற்றுநோயாகும்’ என்று பயமுறுத்திக் கர்ப்பப்பையை எடுப்பது நம் நாட்டில் நடந்திருக்கிறது. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்கு இப்படி நடந்த அறுவைகள் தொடர்பான வழக்கில், தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதலை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் இளம் வயதிலேயே கர்ப்பப்பை இழந்த செய்தி 2019இல் வெளியே வந்தது. சினைப்பையில் உள்ள சாதாரண நீர்க்கட்டிக்குக் கர்ப்பப்பையை எடுக்க மருத்துவக் காரணமே கிடையாது. அப்படிச் சொன்னால் கையெழுத்துப் போடாமல் இன்னொரு மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மகப்பேறு ஓபியில் அதைக் காசில்லாமல் காட்ட முடியும்.

அறுவைக்கு முன் கேட்க வேண்டியவை சில உண்டு. கட்டி என்ன வகை என்று நினைக்கிறார்கள்? கட்டியை மட்டும் எடுக்க முடியுமா? உள்ளே போய்ப் பார்த்து வேறு மாதிரி இருந்தால் என்ன செய்வார்கள்? புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால், கட்டி உடையாமல் முழுதாக வெளியே எடுக்கும் ஏற்பாடு இருக்கிறதா? உடைந்தால் செல்கள் வயிற்றுக்குள் சிந்தி நோயின் நிலை மாறிவிடும், அதனால்தான் இந்தக் கேள்வி. ஊசி போட்டு நீரை மட்டும் உறிஞ்சிவிடலாம் என்று யாராவது சொன்னால் யோசியுங்கள், அப்படி உறிஞ்சிய கட்டிகள் பல மறுபடி நீர் கோத்துக்கொள்கின்றன.

எடுத்த கட்டி பயாப்சிக்குப் போகும். முடிவு வருவதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவதால், அந்தத் தாளை வாங்கப் பலர் திரும்பப் போவதே இல்லை. சில ஆண்டுகள் கழித்து மறுபடி வலி வந்து கேட்டால் ‘கட்டி எடுத்தாங்க’ என்பது மட்டும்தான் நினைவில் இருக்கும். டெர்மாய்டு என்றால் மறுபக்கத்தை அவ்வப்போது பார்க்க வேண்டும். சாக்லேட் கட்டி என்றால் மாத்திரை தொடர வேண்டும். சாதுவுக்கும் புற்றுக்கும் நடுவில் நிற்கும் ‘பார்டர்லைன்’ வகை என்றால் பல ஆண்டுகள் கண்காணிப்பு வேண்டும். இது அத்தனையும் அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. ஒரு வாரம், பத்து நாள் கழித்துப் போய் அதைக் கேட்டு வாங்குங்கள். போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டு, அசலை ஸ்கேன் ரிப்போர்ட்டுகளோடு சேர்த்து வையுங்கள்.